லேசர் வேண்டுமா, வேண்டாமா? தோல் மருத்துவரின் கேள்வி பதில்

சென்ற இதழில் பருத் தழும்புக்கு லேசர் சிகிச்சை பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன் பலன், இந்த மாதம் ஆசிரியர் அனுப்பிவைத்த கடிதங்களில் பாதிக்கு மேல் லேசர் பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்; எல்லாம் நம் தென்னாப்பிரிக்க ஊர்கள்தான். கடிதங்கள் வந்த வரிசையை மாற்றியிருக்கிறேன். காத்திருக்கக் கூடாத கடிதம் ஒன்று இருக்கிறது, அது முதலில்.

எனக்கு 61 வயது. வலது உள்ளங்காலில், குதிகாலை ஒட்டி, ஒரு கறுப்பு மச்சம் இருக்கிறது. இரண்டு வருடங்களாக இருப்பதுதான். இப்போது கொஞ்சம் பரவியிருக்கிறது. வலி கிடையாது. என் மகள் போகும் அழகு நிலையத்தில், லேசர் வைத்து ஒரே தடவையில் எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?
(ஸ்டாங்கர் வாசகர்)

கூடவே கூடாது, ஐயா. ஆசிரியர் உங்களைத் தொலைபேசியில் அழைத்து இதைச் சொல்லிவிட்டார். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அரிதாகத்தான் வரும். ஆனால் வரும்போது வெயில் படும் முதுகையும் முகத்தையும் விட்டுவிட்டு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று யாரும் உற்றுப் பார்க்காத இடமாகப் பார்த்து வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கியது. 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். தொடக்கத்தில் வலி இருக்காது. அதனால்தான் ஆட்கள் தாமதமாக வருகிறார்கள்.

உங்களுடையது புற்றுநோய் என்று நான் சொல்லவில்லை. செருப்பு அழுத்தி இரத்தம் கட்டியதாக இருக்கலாம், சாதாரண மச்சமாகவும் இருக்கலாம். பார்க்காமல் தெரியாது. டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வழியாகப் பார்த்து, சந்தேகம் இருந்தால் கத்தியால் எடுத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம். லேசரால் சுட்டுவிட்டால் அனுப்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. மேலே நிறம் போய்விடும், அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மச்சத்தின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லாதது, ஓரம் கோணலாக இருப்பது, ஒரே மச்சத்தில் பல நிறங்கள் கலந்திருப்பது, வளர்வது, இரத்தம் கசிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் அழகு நிலையப் படியேறாதீர்கள். நீங்களே “பரவியிருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு சொல் போதும்.

எனக்கு 26 வயது. தாடையிலும் கழுத்திலும் தடித்த முடி. வாரா வாரம் நூல் வைத்து எடுக்கிறேன். இன்னும் நான்கு மாதத்தில் கல்யாணம். ஒரு வணிக வளாகத்தில் ஆறு தடவைக்குச் சலுகை விலையில் லேசர் என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் என் சித்தி மகளுக்கு அங்கேதான் கன்னம் பொசுங்கிக் கறுத்துவிட்டது. பயமாக இருக்கிறது.
(பீனிக்ஸ் வாசகி)

பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்பட்டிருக்கிறாய், அம்மா. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாப் பதில்களும் புரிந்துவிடும்.

லேசர் என்பது ஒரே அலைநீளம் கொண்ட ஒளிக்கற்றை. அது தோலுக்குள் நுழைந்து தனக்கு ஏற்ற நிறத்தைத் தேடும். நிறம் எங்கே ஒளியை உறிஞ்சுகிறதோ அங்கே சூடு உண்டாகும். முடியை எடுக்கும் லேசர் தேடுவது மெலனின் என்ற கறுப்பு நிறமியை. முடியின் தண்டிலும் வேரிலும் அது இருக்கிறது. நம் மேல்தோலிலும் அதே மெலனின் தாராளமாக இருக்கிறது. டர்பன் வெயிலில் நிறுத்திவைத்த கறுப்புக் காரின் கூரையில் கை வைத்தவர்களுக்கு மீதிக் கதை தெரியும். வேருக்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கை மேல்தோலே வாங்கிக்கொள்கிறது. உன் சித்தி மகளுக்கு நடந்தது இதுதான்.

இதற்கு வழி இருக்கிறது. அலைநீளம் கூடக் கூட மெலனின் உறிஞ்சுவது குறையும், ஒளி ஆழமாகப் போகும். 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட் லேசர் வெள்ளைத் தோலுக்கு அருமையானது. நமக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு. அது மேல்தோலை அதிகம் தொந்தரவு செய்யாமல் வேருக்குப் போகும். 800-ஐ ஒட்டிய டயோட் லேசரையும், கவனமாகக் கையாளத் தெரிந்தவர்கள் பயன்படுத்தலாம். இரண்டாவது விஷயம், எவ்வளவு நேரம் ஒளியைப் பாய்ச்சுகிறோம் என்பது. சுட வேண்டிய பொருள் தன் சூட்டை அக்கம்பக்கத்துக்குக் கடத்துவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். இந்தக் கணக்கை 1983-இல் ரோக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். அதற்கு முன் லேசர் தோலை மொத்தமாகச் சுட்டது. அதற்குப் பின்தான் பொறுக்கியெடுத்துச் சுடக் கற்றுக்கொண்டது.

சலுகை விலைக் கடைகளில் பெரும்பாலும் இருப்பது லேசரே கிடையாது. ஐ.பி.எல். என்ற பளீரொளி விளக்கு. பல அலைநீளங்களைக் கலந்து அடிக்கும். அது கெட்ட கருவி என்று சொல்ல மாட்டேன். நம் நிறத்துக்கு அதைக் கொண்டு முகத்து முடி எடுக்க நான் ஒப்ப மாட்டேன். அது சுட்ட அடையாளம் எனக்குப் பார்த்தவுடன் தெரியும்: கன்னத்தில் நீள்சதுரம் நீள்சதுரமாக, கருவியின் முனை எந்த அளவோ அந்த அளவில், ஒழுங்காக அடுக்கிய கறுப்புக் கட்டங்கள். மாதக்கணக்கில் மங்காது.

சரியான இடத்தில் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். நூல், மெழுகு, பிடுங்கல் எல்லாவற்றையும் நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வேர் உள்ளே இருந்தால்தான் லேசருக்குப் பிடிமானம். சவரம் மட்டும் செய்துகொள்ளலாம். “சவரம் செய்தால் முடி தடிக்கும்” என்று வீட்டில் சொல்வார்கள், தடிக்காது. அந்த நாள் வந்ததும் உன் கண்ணையும் அடிப்பவர் கண்ணையும் அந்த அலைநீளத்துக்கென்று செய்த கண்ணாடியால் மூடுவார்கள். சாதாரணக் குளிர்க்கண்ணாடி கொடுத்தால் எழுந்து வந்துவிடு. முனையில் குளிர்ந்த கண்ணாடிக்கல் இருக்கும், அல்லது குளிர்வாயு பீய்ச்சும். ஒவ்வொரு அடிக்கும் சுருக்கென்று குத்தும், தீய்ந்த முடியின் வாடை வரும். ஐந்து பத்து நிமிடத்தில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சின்னச் சிவப்பு வளையம் எழும்பினால் அளவு சரி. தோல் முழுக்கச் சாம்பல் பூத்தால் சூடு மிஞ்சிவிட்டது. இதற்காகத்தான் முதலில் காதுக்கு அடியில் ஒரு சிறு இடத்தில் அடித்துச் சில நாட்கள் காத்திருக்கச் சொல்கிறோம். “சோதனை எல்லாம் வேண்டாம், இன்றைக்கே தொடங்கலாம்” என்பவர்களிடம் முகத்தைக் கொடுக்காதே.

நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு எட்டுத் தடவை ஆகும். வளரும் பருவத்தில் இருக்கும் முடியை மட்டும்தான் லேசர் பிடிக்கும், மற்றவை முறை வைத்துத்தான் அகப்படும். உன் கல்யாணத்துக்குள் எல்லாம் முடிந்துவிடாது, பாதிக் குறையும். கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மாதம் எதுவும் செய்துகொள்ளாதே. பூனைமுடியை மட்டும் லேசரால் தொட வேண்டாம். இந்தியப் பெண்களின் கன்னத்தில் அது சில சமயம் பூனைமுடியையே தடித்த முடியாக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று நீ எழுதவில்லை. இந்த வயதில் தாடையில் தடித்த முடி என்றால் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். உள்ளே ஹார்மோன் உரம் போட்டுக்கொண்டே இருந்தால், மேலே எத்தனை தடவை அறுத்தும் வளரத்தான் செய்யும்.

44 வயது. இரண்டாவது குழந்தைக்குப் பிறகு கன்னத்தில் மங்கு. தோழி சொன்ன சந்தைக் கிரீம் ஒன்றை மூன்று வருடமாகப் போடுகிறேன். முதலில் நன்றாக வெளுத்தது, இப்போது முன்பைவிடக் கறுப்பு. நிறுத்தினால் முகம் எரிகிறது. ஒரு கிளினிக்கில் பத்துத் தடவை லேசர் என்று பணம் கட்டச் சொல்கிறார்கள்.
(டொங்காட் வாசகி)

பணம் கட்டாதீர்கள், அக்கா. முதலில் அந்தக் கிரீமைப் பற்றிப் பேசுவோம்.

இந்த நாட்டுக்கு வெளுப்புக் கிரீம் விஷயத்தில் பெரிய அனுபவம் உண்டு. ஹைட்ரோகுவினோன் கலந்த கிரீம்களைப் பல வருடம் போட்டுக்கொண்ட பெண்களின் கன்னத்தில் நீலங்கலந்த கறுப்புப் படிவதை 1975-இல் முதன்முதலாக மருத்துவ இதழில் எழுதியவர்கள் தென்னாப்பிரிக்கத் தோல் மருத்துவர்கள்தான். அதன் பெயர் ஓக்ரோனோசிஸ். தடவினால் பொடிப்பொடியாகக் கையில் நெருடும், மங்கைவிட ஆழமான கறுப்பு. 1990-இல் அந்த மருந்து கலந்த அழகுசாதனங்களை அரசு தடை செய்தது; “வெளுக்கும்” என்று விளம்பரம் செய்வதையும் தடுத்தது. சட்டம் வந்தது, சரக்கு நிற்கவில்லை. இன்றும் சந்தை மேசைகளில், பெட்டியில் பாதி எழுத்துப் புரியாத மொழியில் இருக்கும் சின்னக் குழாய்கள் விற்கின்றன. அவற்றில் ஹைட்ரோகுவினோனும் இருக்கலாம், கடுமையான ஸ்டீராய்டும் இருக்கலாம், பாதரசமும் இருக்கலாம். நிறுத்தினால் எரிகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஸ்டீராய்டு மேல்தான் சந்தேகம். குழாயைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் முகம் சிவந்து கொப்பளிக்கும். அதைத் தணிக்க மருந்து இருக்கிறது, மேற்பார்வையில் விட வேண்டும்.

இப்போது லேசர். மங்கு என்பது தோலில் ஒட்டிய கறை என்று நினைத்தால் அதைச் சுட்டுவிடலாம் என்று தோன்றும். உண்மையில் அங்கே நிறமி செய்யும் உயிரணுக்கள் எதற்கெடுத்தாலும் கோபித்துக்கொள்ளும் நிலையில் இருக்கின்றன. வெயில் பட்டால் கறுக்கும், ஹார்மோன் மாறினால் கறுக்கும், சூடு பட்டாலும் கறுக்கும். லேசர் கொடுப்பதும் சூடுதான். பத்துத் தடவையில் முதல் மூன்று நான்கு தடவைக்கு முகம் பளிச்சென்று இருக்கும். அந்தப் படத்தைத்தான் சுவரில் மாட்டியிருப்பார்கள். சில மாதத்தில் மங்கு திரும்பும், சிலருக்கு இரட்டிப்பாகத் திரும்பும், இன்னும் சிலருக்கு நடுநடுவே வெள்ளைப் புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகளைச் சரிசெய்வது மங்கைச் சரிசெய்வதைவிடக் கடினம். வேறு எதற்கும் அசையாத மங்குக்கு, குறைந்த சக்தியில், அனுபவப்பட்டவர் கையில் லேசர் ஒரு கடைசி உபாயம். முதல் உபாயமாக விற்பவர்கள் வியாபாரிகள்.

நீங்கள் செய்ய வேண்டியது சலிப்பூட்டும் வேலை: தினமும் சன்ஸ்கிரீன். வெள்ளையாகப் பூசும் ரகம் போதாது. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்கைக் கிளறும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்தில் இருக்கும் ரகமாக வாங்குங்கள். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையக் கூடாது. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. துணி காயப்போட, பஸ் நிறுத்தம் வரை நடக்க, எல்லாவற்றுக்கும். டர்பனில் குளிர்காலம் என்று வெயில் விடுமுறை எடுப்பதில்லை. அதற்கு மேல் அசெலெயிக் அமிலக் கிரீம் உண்டு. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மாற்று வழி பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். டிரானெக்சாமிக் அமில மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. ஆனால் காலில் இரத்தம் உறைந்த சரித்திரம் உங்களுக்கோ வீட்டாருக்கோ இருந்தால் கூடாது. ஹைட்ரோகுவினோனைக்கூட மருத்துவர் அளந்து, சில மாதத்துக்கு மட்டும், எழுதிக்கொடுப்பதுண்டு. சந்தைக் குழாய்க்கும் அதற்கும் உள்ள வேறுபாடு அளவும் கண்காணிப்பும்.

மகளுக்கு வரன் பார்க்கிறோம். உடம்பு முழுவதும் நிறத்தைக் கூட்ட லேசர் இருக்கிறதா?
(லெனேசியா, மற்றும் இதே கேள்வியைக் கேட்ட வேறு மூன்று தாய்மார்கள்)

இல்லை. இருந்தாலும் சொல்ல மாட்டேன்.

என் மகனுக்கு 12 வயது. கண்ணிமையிலும் வாயோரத்திலும் விரல் நுனிகளிலும் வெண்புள்ளி. பள்ளியில் கேலி செய்கிறார்கள். மீனும் தயிரும் சேர்த்துச் சாப்பிட்டதால்தான் என்று என் அம்மா சொல்கிறார். லேசரில் குணமாகுமா?
(பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

பாட்டியின் மீன் குழம்புக்கு நான் ஜாமீன். வெண்புள்ளிக்கும் உணவுக்கும் தொடர்பில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நிறமி அணுக்களையே எதிரியாக எண்ணித் தாக்குவதால் வருவது. தொட்டால் ஒட்டாது. பள்ளித் தலைமையாசிரியருக்கு இதை எழுதிக்கொடுக்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நான் எழுதிக்கொடுப்பதுண்டு.

இங்கே லேசர் வேறு வேலை செய்கிறது, எதையும் சுடுவதில்லை. எக்சைமர் லேசர் என்பது 308 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். அது தாக்கும் அணுக்களை அடக்கி, மயிர்க்காலின் அடியில் ஒளிந்திருக்கும் நிறமி அணுக்களை மேலே அழைத்துவரும். வாரம் இரண்டு தடவை, சில மாதம். முதலில் வெள்ளைக்கு நடுவே கடுகளவு கறுப்புப் புள்ளிகள் தோன்றும், ஒவ்வொன்றும் ஒரு மயிர்க்காலைச் சுற்றி. பிறகு அவை பெருகி ஒன்றோடொன்று சேரும்.

எங்கே பலன் கிடைக்கும் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். முகம் நன்றாகக் கேட்கும். இமையில் செய்யலாம், கண்ணை மூடிப் பாதுகாத்துக்கொண்டு. உதட்டிலும் விரல் நுனியிலும் மயிர்க்கால் இல்லை. அங்கிருந்து வருவதற்கு அணுக்களும் இல்லை. விரலைப் பற்றி உங்களுக்கு வாக்குறுதி தர எனக்கு மனமில்லை. வெண்புள்ளியில் உள்ள முடியும் நரைத்திருந்தால் அங்கேயும் பலன் குறைவு.

புள்ளிகள் இப்போதும் பரவுகின்றனவா என்பது முக்கியம். பரவினால் முதலில் அதை மருந்தால் நிறுத்த வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு ‘வுட்ஸ் லேம்ப்’ என்ற கருநீல விளக்கைப் பிடித்தால், கண்ணுக்கு இன்னும் தெரியாத புள்ளிகளும் பளீரென்று சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியும். சிறுவர்களுக்கு இதைக் கண்ணாடியில் காட்டுவேன். பயப்படுவார்கள் என்று பெற்றோர் தயங்குவார்கள்; பையன்கள் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, பல்லையும் காட்டிப் பார்ப்பார்கள்.

வாரம் இரண்டு தடவை மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு வந்துபோவது உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். உங்கள் ஊரிலேயே குறுகிய பட்டைப் புற ஊதா ஒளிப் பெட்டி (நேரோபேண்ட் யு.வி.பி.) இருந்தால், பல இடங்களில் பரவிய வெண்புள்ளிக்கு அதுவே போதும். ஒரு சிறு இடத்தைக் குறிவைக்கத்தான் லேசர் மேல். பையனுக்கு ஒழுங்காகப் போய்வர முடிகிற சிகிச்சைதான் நல்ல சிகிச்சை.

நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை விழுந்திருக்கிறது. வயது 52. லேசர் செய்தால் போகுமா?
(மெரபேங்க் வாசகி)

ஸ்டிக்கர் பொட்டுத்தானே? அதன் பசையில் உள்ள ஒரு ரசாயனம் நிறமி அணுக்களைக் கொல்லும். முதல் வைத்தியம், கண்ணாடி ஓரத்தில் ஒட்டிவைத்து மறுநாளும் எடுத்து வைத்துக்கொள்ளும் அந்தப் பொட்டுகளையெல்லாம் குப்பையில் போடுவது. களிம்பு ஒன்று எழுதித் தருவார்கள். சில மாதத்தில் திரும்பாவிட்டால் மேலே சொன்ன 308 லேசரைப் பார்க்கலாம். வெள்ளையை மறைக்க இன்னும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டு வருகிறார்கள்.

கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, வெல்வெட் துணி மாதிரி இருக்கிறது. கடலைமாவு, பீர்க்கங்காய் நார் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டேன். லேசர் எத்தனை தடவை ஆகும்? வயது 34, எடை 104 கிலோ.
(சாட்ஸ்வர்த் வாசகர்)

எடையை நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள், தம்பி; காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கிறது. இது அழுக்கு இல்லை, தேய்த்தால் இன்னும் தடிக்கும். உடலில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும்போது கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் இப்படித் தடித்துக் கறுக்கும். சர்க்கரை நோய் வருவதற்குச் சில வருடம் முன்பே கழுத்து சொல்லிவிடுகிறது. டர்பன் இந்தியர்களில் சர்க்கரை நோய் இல்லாத குடும்பத்தைக் காட்டுங்கள் பார்ப்போம். லேசருக்கு வைத்திருக்கும் பணத்தில் சிறு பங்கை எடுத்து எச்.பி.ஏ.1.சி. என்ற, சில மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எடை குறைந்தால் கழுத்து தானாகத் தெளியும். புரட்டாசியில் ஒரு மாதம் மரக்கறி சாப்பிட்டுவிட்டு முடிந்ததும் பிரியாணியில் வட்டி கட்டுவது கணக்கில் சேராது.

முன்கையில் ஒரு பெண்ணின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன். கறுப்பு எழுத்து, சுற்றிலும் சிவப்பு ரோஜா, பச்சை இலை. நிச்சயதார்த்தம் வேறு பெண்ணோடு. எத்தனை சீக்கிரம் எடுக்க முடியும்?
(இசிப்பிங்கோ வாசகர்)

நிச்சயதார்த்தத்துக்குள் முடியாது. சட்டை நீளக்கையாகவே இருக்கட்டும்.

மையை லேசர் அழிப்பதில்லை, நொறுக்குகிறது. ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் விழும் அடியில் மைத்துகள் உடையும். உடைந்த தூளை உடலின் துப்புரவு அணுக்கள் விழுங்கி நிணநீர் வழியாக மெல்ல அப்புறப்படுத்தும். அந்த வேலைக்கு ஆறு எட்டு வாரம் கொடுத்துத்தான் அடுத்த அடி. பத்துத் தடவை ஆகலாம், கூடவும் ஆகலாம். ஆக ஒரு வருடத்துக்கு மேல்.

கறுப்பு எழுத்து எளிதில் போகும். 1064 லேசர் அதற்கு நம் தோலிலும் ஒத்துவரும். இலைதான் தொல்லை. பச்சை மைக்கு 755 அல்லது 694 வேண்டும், சிவப்புக்கு 532. மூன்றையும் நம் மேல்தோலே விரும்பி உறிஞ்சும். அவசரப்பட்டால் ரோஜா போன இடத்தில் ரோஜா வடிவிலேயே வெள்ளைத் தழும்பு நிற்கும். பெயரை மட்டும் எடுத்துவிட்டுப் பூவை விட்டுவிடுங்கள் என்பது என் யோசனை. பூவுக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இந்த இடத்தில், புருவத்துக்கு நிரந்தர மை குத்திக்கொண்ட சகோதரிகளுக்கும் ஒன்று: அந்தப் பழுப்பு மையில் இரும்பு ஆக்சைடும் டைட்டானியமும் இருக்கும். லேசர் பட்டதும் மங்குவதற்குப் பதில் கன்னங்கரேலென்று மாறலாம். சோதனை அடி இல்லாமல் விடாதீர்கள்.

பலர் கேட்டிருந்த இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். மருத்துவர் என்று சொல்பவர் உண்மையில் பதிவு பெற்றவரா என்பதை எச்.பி.சி.எஸ்.ஏ. என்ற மருத்துவப் பதிவுக் குழுவின் இணையதளத்தில் பெயரைத் தட்டி யாரும் பார்த்துக்கொள்ளலாம். வெள்ளைக் கோட்டு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பேரனுக்கு ஐந்து மாதம். நெற்றியின் வலப்பக்கம் தொடங்கி மேலிமை வரை சிவப்பாக ஒரு படர் பிறந்ததிலிருந்து இருக்கிறது. அழும்போது இன்னும் சிவக்கிறது. மருமகள் கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போனாள், நான் சொல்லியும் கேட்கவில்லை. லேசர் செய்யலாமா, பிள்ளை தாங்குமா? (பாட்டி சொல்ல, பேத்தி எழுதியது.)
(வெருலம்)

அம்மா, கிரகணத்தை விடுங்கள். இந்தச் செம்படர் எதனால் வருகிறது என்று 2013-இல் கண்டுபிடித்துவிட்டார்கள். கரு உருவாகும்போது ஏதோ ஓர் அணுவில், தற்செயலாக, ஒரு மரபணு எழுத்து மாறிவிடுகிறது. தாய்வழியிலும் வருவதில்லை, தந்தைவழியிலும் வருவதில்லை. உங்கள் மருமகள் அன்று வீட்டுக்குள் பூட்டிக்கொண்டு இருந்திருந்தாலும் வந்திருக்கும். கடிதத்தை எழுதிய பேத்தி இந்த வரிகளைச் சத்தமாக, குழந்தையின் அம்மா காதில் விழும்படி வாசிக்க வேண்டும்.

லேசருக்கு முன்னால் இரண்டு வேலை. நெற்றியிலும் மேலிமையிலும் இந்தப் படர் இருந்தால், அதே பக்கத்துக் கண்ணில் அழுத்தம் கூடலாம். சில குழந்தைகளுக்கு மூளையின் மேல் இரத்தக் குழாய்களும் அதேபோல் விரிந்திருந்து வலிப்பு வரலாம். எல்லாக் குழந்தைக்கும் இப்படி ஆவதில்லை. ஆனாலும் கண் மருத்துவரும் குழந்தை மருத்துவரும் இந்த மாதமே பார்த்துவிட வேண்டும். ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலும், வெளிச்சத்தில் அதிகமாகக் கண்ணீர் வந்தாலும், கை கால் ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுத்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

பிறகு லேசர். பல்ஸ்டு டை லேசர் என்று பெயர், 595 நானோமீட்டர். இது தேடுவது இரத்தத்தின் சிவப்பை. விரிந்த நுண்குழாய்களைச் சூடாக்கி அடைக்கும். சின்ன வயதில் தோல் மெல்லியதாகவும் படர் சிறியதாகவும் இருப்பதால் சீக்கிரம் தொடங்குவது நல்லது. அடித்த இடம் ஊதா நிறமாகக் கன்றிப்போய் ஒரு வாரம் பத்து நாள் இருக்கும். யாரோ அடித்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் நினைக்கும் அளவுக்கு இருக்கும், முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். பல தடவை செய்ய வேண்டும். முழுக்க மறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் நன்றாக வெளிறும். பிள்ளையின் நிறம் நம் நிறம் என்பதால் குளிர்வித்துக்கொண்டே, சக்தியைக் குறைத்துத்தான் தொடங்குவார்கள். பிள்ளை அழும். முடிந்ததும் பால் கொடுத்தால் அடங்கிவிடும். அதற்காகவாவது மருமகள் கூட வர வேண்டும், நீங்கள் மட்டும் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

மூலிகைச் சாறு, விளக்கெண்ணெய், சந்தனம் எதையும் அந்தச் சிவப்பின் மேல் பூசாதீர்கள். லேசர் நாளன்று நெற்றியில் திருநீறும் மையும் இல்லாமல், கழுவித் துடைத்துக் கொண்டுவாருங்கள்.